மரகதப்புறா

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எதுவென்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட மரகதப்புறா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மலைப் பிரதேசவாசிகளை நீக்கிவிட்டால், அதை நேரில் கண்டவர்கள் நம்மில் வெகு சிலரே. மாடப்புறாவைப் போலக் கோபுரத்தையும் நெற்களத்தையும் நாடி வரும் சுபாவம் அதற்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளும், மூங்கிற் புதர்களும், நிழலடர்ந்த தோட்டங்களுமே அதன் வாசஸ்தலம். இலங்கையிலும், கிழக்கே இந்தோனேசியத் தீவுகளிலும் அது சஞ்சரிக்கிறது.

ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமே உள்ள அச்சிறு உடலில் சிறகுகள் மரகதப் பச்சையாகவும், கழுத்தும் மார்பும் திராட்சை ரசம் போன்ற மங்கிய செந்நிறமாகவும், அலகு பவளச் சிவப்பாகவும் விளங்குகின்றன. ஆணுக்குச் சாம்பல் நிற உச்சியும் தோளில் வெண்பட்டையும் உண்டு. பெண்ணின் நிறம் சற்றுப் பழுப்போடியது. இவ்வளவு வர்ணஜாலம் படைத்த பட்சி கண்ணிற்படாமல் போவதேன் என்றால், ஒளிபட்டு மின்னும் அந்தப் பச்சை, வெயில் புகாத காட்டடியில் கருமையாகவே தோன்றுவதுதான் காரணம்.

பச்சைப்புறா என்பது வேறு; அது ஆலிலும் அரசிலும் கூட்டமாக அமர்ந்து பழம் தின்னும். மரகதப்புறாவோ தரையையே பெரிதும் நம்பி, தனித்தோ ஜோடியாகவோ சருகுகளினிடையே நடந்து, உதிர்ந்த விதைகளையும் கனிகளையும் பொறுக்கி, சமயத்தில் கறையானையும் உண்ணும். ஆளரவம் கேட்டால் பெரும்பாலும் நடந்தே ஒதுங்கும். நெருங்கிவிட்டாலோ தாழ்வாக, மரங்களின் ஊடே அம்புபோல் பாயும். அப்போது கீழ்முதுகில் தெரியும் இரு வெளிர் பட்டைகளே அதன் அடையாளம். தாழ்ந்த குரலில் முனகுவதுபோல் அது கூவும்போது ஓசை எத்திசையிலிருந்து வருகிறதென்று நிதானிப்பது கடினம்.

கூடு கட்டுவதில் அதற்குச் சாமர்த்தியம் போதாது என்றே சொல்லத் தோன்றுகிறது. தாழ்ந்த மரத்தில் சில சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அதன்மேல் இரண்டு முட்டையிடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன. இது புறாக் குலம் முழுவதற்கும் பொதுவான தர்மம்.

தாழ்ந்து விரைந்து பறக்கும் இப்பழக்கமே இன்று அதற்கு அபாயமாகிவிட்டது. காட்டோரத்து வீடுகளின் கண்ணாடிச் சன்னல்களில் பிரதிபலிக்கும் மரங்களை மெய்யென்று எண்ணி மோதி மடிகிறது. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகக் காகிதப் பட்டைகளை ஒட்டி வைத்தால் பெரிய உபகாரமாயிருக்கும்.