ஓய்வும் ஓர் உழவு

ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை அறியாத உழவர் நம் நாட்டில் இலர். ஆயின் அப்பழமொழியில் 'விதை' என்ற சொல்லைப் பற்றிக்கொண்ட நாம், 'தேடி' என்ற சொல்லை நழுவ விட்டோம். வானத்தையும் காற்றையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்து, "இன்று வேண்டாம், இன்னும் பத்து நாள் பொறுப்போம்" என்று முடிவு செய்வதும் உழவுத் தொழிலில் அடங்கியதே. பொறுத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தல்களைக் கொண்டு அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் கற்பித்த பொறுமை

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ளது. மலைக்கு அப்பால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, இங்கு மேல்காற்றும் தூறலுமே மிகுதி. இக்குறையைப் போக்கியது கர்னல் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் கட்டி முடிக்கப்பெற்று, 1895ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பியது. அந்நீரைக் கொண்டு பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைகிறது.

முதல் போகத்திற்கு ஜூன் 1ஆம் நாள் நீர் திறப்பது மரபு. எனினும் அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப் போகும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து நாற்றங்கால் போடுபவரைவிட, அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துப் போடுபவரே தேர்ந்த விவசாயி. பருவத்தோடு ஒத்து வாழ்தல் என்பது தேதியை மனப்பாடம் செய்தல் அன்று. நாள்தோறும் கவனித்து நடத்தலே ஆகும். மழை தவறும் ஆண்டுகளும், ஒரே வாரத்தில் ஒரு மாத மழை கொட்டும் ஆண்டுகளும் கலந்து வரும் இக்காலத்தில் இக்கவனம் முன்னினும் தேவைப்படுகிறது.

கொடியின் கணக்கு

நெல்லுக்கு அணை பொறுமையைக் கற்பித்தது. திராட்சைக்கோ அத்தகைய ஆசிரியர் இல்லை. கிணற்று நீரும் சொட்டுநீர்க் குழாயும் உள்ள தோட்டத்தில் எம்மாதத்திலும் கவாத்து செய்யலாம். பனிநாடுகளில் குளிர் வந்தவுடன் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும்; எந்த விவசாயியும் அதை எழுப்ப இயலாது. நம் நாட்டிலேயே நாசிக் பகுதியில் ஏப்ரலில் ஒரு கவாத்தும் அக்டோபரில் ஒரு கவாத்தும் செய்து, ஆண்டுக்கு ஓர் அறுவடையே எடுக்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் குளிர் இல்லை, கொடி உறங்குவதில்லை. ஆண்டின் எம்மாதத்தில் வந்தாலும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் தொங்குவதைக் காணலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் சிறப்பு இதுவே; அதன் இடரும் இதுவே.

கணக்கைச் சிறிது பார்ப்போம். பன்னீர் திராட்சை கவாத்திலிருந்து அறுவடைக்கு வர ஏறக்குறைய 120 நாட்கள் கொள்ளும். ஆண்டுக்கு மூன்று அறுவடை எடுக்க முயன்றால் 360 நாட்கள் கழிந்து, கொடிக்கு எஞ்சுவது 5 நாட்களே. இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுத்தால், ஒவ்வோர் அறுவடைக்கும் பின் 26 நாட்கள் ஓய்வு கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டே எடுத்தால் ஒவ்வொன்றிற்கும் பின் இரண்டு மாத ஓய்வு உண்டு.

இவ்வோய்வுக் காலத்தில் கொடி வெறுமனே நிற்பதில்லை. இலைகள் வெயிலில் சமைத்த உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்துக் கொள்கின்றன. அடுத்த பருவத்திற்குரிய பூங்கொத்தின் கருவும் கவாத்துக்குப் பல வாரங்கள் முன்னரே மொட்டினுள் உருவாகி விடுகிறது. சேமிப்பு இல்லாத கொடியை வெட்டினால் தளிர் வரும், குலை குறையும். கையிருப்பு இல்லாத சங்கம் கடன் வழங்க முற்பட்டாற்போன்ற நிலைமை அது.

கவாத்து நாளும் கருதத்தக்கது. மார்கழியில் வெட்டினால் சித்திரை வெயிலில் பழம் பழுக்கும், இனிப்பு ஏறும். வைகாசியில் வெட்டினால் பெருமழைக்கு முன் புரட்டாசியில் அறுவடையாகும். மாறாக, ஆவணியில் வெட்டிய கொடி ஐப்பசி அடைமழையில் பூவும் பிஞ்சுமாய் நிற்கும். அப்போது அடிச்சாம்பல் நோய் குலையைத் தாக்கும். மருந்து தெளித்த மறுநாளே மழை அதைக் கழுவிச் செல்லும். பழுக்கும் தறுவாயில் மழை பெய்தாலோ பழம் வெடிக்கும். அவ்வாறு வெட்டியவர் தொழில் அறியாதவர் அல்லர். மற்றவர் தோட்டத்தில் பழம் இல்லாத நாளில் தம் பழம் சந்தைக்குச் சென்றால் விலை கிட்டும் என்று எண்ணியவர். அல்லது வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் குறித்த நாளில் வெட்டக் கட்டுப்பட்டவர்.

குளிர் கட்டாயப்படுத்தாத மண்ணில், ஓய்வை நாமேதான் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். இதுவே திராட்சைக் கொடி நமக்கு உணர்த்தும் பாடம்.

தறிக்கும் பருவம் உண்டு

இப்பாடம் நெசவாளருக்கும் உரியது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் ஜக்கம்பட்டி, தி. சுப்புலாபுரம் முதலிய நெசவூர்களில் வாழ்வோர் இதை நன்கு அறிவர். பருத்தி நூல் காற்றின் ஈரத்தில் வலுப்பெறும். ஆனி, ஆடி மாதங்களின் வறண்ட மேல்காற்றில் எளிதில் அறும். அடைமழைக் காலத்திலோ தெருவில் பாவு விரிக்க இயலாது, கஞ்சி உலராது, குழித்தறியில் நீர் ஊறும். தீபாவளிச் சந்தைக்குரிய சரக்கு நெய்து முடிய வேண்டிய நாளும் இம்மழை நாளும் நெருங்கி வருகின்றன. ஆதலின் வெயில் நாட்களிலேயே பாவுகளைக் கஞ்சியிட்டுச் சுற்றி வைத்திருப்பவர், ஐப்பசியில் பதற்றமின்றி நெய்வார். மழை நிறுத்திய நாட்களை அச்சும் விழுதும் பழுது பார்க்கவும், நாடாவைச் செப்பனிடவும் பயன்படுத்துவார். அவ்வாறு செய்யாதவர் இரவெல்லாம் விளக்கேற்றி நெய்து, பழுதுள்ள துணியைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலியில் பிடித்தம் பெறுவார்.

அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கமும் தறி ஓட்டாத வழக்கமும் பல ஊர்களில் உண்டு. மாட்டுப் பொங்கலன்று எருதுக்கும் விடுமுறை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சுருளி அருவியில் நீராட வரும் உழவரும் நெசவாளரும் அன்று தொழிலை நிறுத்திவிட்டே வருகின்றனர். நம் முன்னோர் ஓய்வை அவரவர் விருப்பத்திற்கு விடாமல், ஊர் முழுவதற்கும் பொதுவான நாளாக வைத்தனர். ஒருவர் நிறுத்தி மற்றவர் ஓட்டினால், நிறுத்தியவர் ஏமாந்தவராவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தனியொருவர் பொறுமையும் சங்கத்தின் பொறுமையும்

"கொடிக்கு ஓய்வு தரலாம்; வட்டிக்கு ஓய்வு உண்டா?" என்று அரை ஏக்கர் தோட்டக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. தனியொருவராக நின்று இதற்கு விடை காண இயலாது. கூட்டுறவின் பயன் இங்குதான் புலப்படுகிறது. 1904ஆம் ஆண்டில் திரூரில் நம் மாநிலத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, கடனின் தவணை விளைச்சலின் பருவத்தை ஒட்டி அமைய வேண்டும் என்பதே இயக்கத்தின் கொள்கை. இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் பெற்றுத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை. ஆகவே அறுவடை நாளைத் திட்டமிட்டவருக்கே அச்சலுகை முழுமையாகப் பயன்படும். மழையில் பயிரை இழந்தவர் தவணையையும் இழக்கிறார். அதனோடு அடுத்த கடனுக்குரிய தகுதியையும் இழக்கிறார். கணக்கேட்டில் 'தவணை தவறியது' என்று எழுதப்படும் ஒரு வரியின் பின்னே, பெரும்பாலும் பருவம் தவறிய ஒரு கவாத்து இருக்கிறது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள சேமிப்பு, பாதுகாப்புத் திட்டமும் இத்தகையதே. கூலியில் ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, 4 காசு அரசு சேர்க்கிறது. தறி ஓடும் நாளில் சிறிது சிறிதாய்ச் சேர்வது தளர்ந்த காலத்திற்கு ஊன்றுகோலாகும். கொடி தண்டில் சேமிப்பதைப் போல, மனிதர் சங்கத்தில் சேமிக்கின்றனர்.

விலை வீழ்ச்சியைப் பற்றிய அச்சத்திற்கும் வழியுண்டு. எல்லோரும் மார்கழி முதல் வாரத்திலேயே வெட்டினால், சித்திரையில் பழம் ஒருங்கே குவியும், விலை இறங்கும். ஆயின் நல்ல கவாத்துக் காலம் ஒரு வாரத்தோடு முடிவதில்லை. மார்கழி தொடங்கித் தை முற்பாதி வரையில் அங்கத்தினர்கள் வாரத்திற்குச் சிலராக முறை வைத்து வெட்டினால், அறுவடையும் அம்முறையே பரவி வரும். மழைக்கு அஞ்ச வேண்டாம். குவியலுக்கும் அஞ்ச வேண்டாம். இம்முறையில் முதல் வாரம் பெற்றவர் அடுத்த ஆண்டு கடைசி வாரத்தை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை ஒன்றே தேவை.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கவாத்து நாள், அறுவடை நாள், கடன் தவணை நாள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தல். இரண்டாவது, ஓய்வுக் காலத்திற்குரிய வேலைகளை முன்னரே வகுத்தல்: பந்தல் கம்பியை இறுக்குதல், வெட்டிய கிளைகளை மக்கவைத்தல், சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல், மண் பரிசோதனை ஆகியவை. மூன்றாவது, அடுத்த கவாத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் வாரமுறையைப் பேசி முடிவு செய்து, அதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல். இம்மூன்றிற்கும் புதிய செலவு எதுவும் இல்லை. கூடிப் பேசும் ஒரு மாலைப் பொழுது போதும்.