வாடகைக்குக் கிடைக்கும் கணினி



கல்யாண வீட்டார் யாரும் ஐந்நூறு பேருக்குச் சமைப்பதற்கென்று அண்டாக்களை விலைக்கு வாங்குவதில்லை. பாத்திரக் கடையிலிருந்து இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். விருந்து முடிந்ததும் துலக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் அந்த வீட்டுக்குச் சிறிய உலைப்பானையே போதும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட 'மேகக் கணினி' என்பதும் இத்தகைய வாடகை ஏற்பாடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியில், தேர்வு முடிவுகளை இணையதளத்தில் வெளியிட ஏற்பாடு செய்தோம். எங்கள் துறை அறையிலிருந்த ஒரே ஒரு கணினிதான் அத்தளத்தைத் தாங்கி நின்றது. காலை பத்து மணிக்கு முடிவுகள் வெளியாயின. பத்தே கால் மணிக்குத் தளம் திணறி நின்றுவிட்டது. கணினி பழுதுபடவில்லை. ஒரே வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைய முற்பட்டார்கள், அவ்வளவுதான். அன்று மாலை ஒரு மாணவி நெடுந்தொலைவு பேருந்தில் வந்து, அழுத கண்களோடு தன் மதிப்பெண்ணைக் கேட்டாள். அவள் தேறியிருந்தாள். ஆயினும் அன்று பகல் முழுவதும் அவள் பட்ட வேதனைக்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்? அதே கணினி ஆண்டின் மற்ற நாட்களில் பெரும்பாலும் சும்மா கிடந்தது என்பதை எண்ணியபோது எனக்கு மேலும் வெட்கமாயிற்று.

இந்தச் சங்கடத்துக்கு மாற்று ஒன்றை நெடுநாளைக்கு முன்பே ஓர் அறிஞர் சிந்தித்திருக்கிறார். 1961-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசி வசதியைப் போலவே கணினி ஆற்றலும் ஒரு நாள் பொதுச் சேவையாக அமையலாம் என்று கூறினார். 2006-ல் அமேசான் நிறுவனம் தரவுகளைச் சேமித்து வைக்கும் இடத்தையும், பின்னர் கணினிகளையுமே வாடகைக்கு விடத் தொடங்கியபோது அக்கருத்து பெரிய அளவில் வணிக உருவம் பெற்றது.

மேகம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். பொறியாளர்கள் வரைபடங்களில் தொலைத்தொடர்பு வலையமைப்பை மேக வடிவில் வரைவது வழக்கம். பெயர் அதிலிருந்து வந்தது. பொருளோ தரையில்தான் இருக்கிறது: குளிரூட்டப்பட்ட பெரிய கூடங்களில், அடுக்கடுக்கான இரும்புச் சட்டங்களில், இரவும் பகலும் ஓடும் கணினிகள். 2015-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புனே, மும்பை ஆகிய நகரங்களோடு நமது சென்னையிலும் இச்சேவைக்கான நிலையத்தைத் தொடங்கியது.

இங்கே ஒரு பெரிய கணினியை மென்பொருளின் உதவியால் பல சிறு கணினிகளாகத் தடுத்துக்கொள்கிறார்கள். ஒரே வீட்டைத் தடுப்புச் சுவர் வைத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போல. தளத்துக்குக் கூட்டம் பெருகினால், அதே நிரலைத் தாங்கிய புதிய கணினிகள் சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். வருவோரை எந்தக் கணினியில் நெரிசல் குறைவோ அங்கே அனுப்ப, வாசலில் ஒரு பங்கீட்டாளர் இருப்பார். அவரும் ஒரு நிரலே. கூட்டம் கலைந்ததும் மிகுதியான கணினிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பயன்படுத்திய நேரத்துக்கே வாடகை. திருப்பித் தர மறந்தாலோ, கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்!

இதன் வலிமைக்கு ஒரு சான்று. 2007-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, 1851 முதலான தன் பழைய இதழ்களிலிருந்த 1 கோடியே 10 லட்சம் கட்டுரைகளின் படங்களை வாசகர் படிக்கத்தக்க கோப்புகளாக மாற்ற விரும்பியது. 100 கணினிகளை வாடகைக்கு அமர்த்தி, 24 மணி நேரத்துக்குள் அந்த வேலை முடிந்தது. ஒரு நாள் வேலைக்காக நூறு கணினிகளை யார் விலைக்கு வாங்குவார்கள்?

ஆனால் உழைப்பைப் பங்கிடுவது எளிது. நினைவைப் பங்கிடுவது கடினம். இரயிலில் ஒரே ஓர் இருக்கை மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் ஒரே கணத்தில் அதைக் கேட்கிறார்கள். இரண்டு கணினிகள் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தால் இருவருக்கும் அதே இருக்கையை விற்றுவிடும். ஆகவே அவை தம்முள் கலந்து உடன்பாட்டுக்கு வர வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். இருக்கைக்காக அந்தத் தாமதத்தைப் பொறுக்கலாம். ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை. எங்கள் தேர்வு முடிவுகளோ எழுதி முடிந்தவை. படிக்க மட்டுமே வேண்டியவை. பல நகல்கள் வைத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும். எதற்கு எது வேண்டும் என்று பகுத்தறிவதே இக்கலையின் உயிர்.

இன்னொன்றும் மறக்கலாகாது. நகல் வேறு, காப்பு வேறு. மூலத்தை நொடிக்கு நொடி பின்தொடரும் நகல், நாம் தவறாக அழிப்பதையும் பின்தொடர்ந்து அழித்துவிடும். எனவே பழைய நிலையைக் காட்டும் படி ஒன்று தனியே, வேறோர் ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கு இரையாயிற்று. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்கள் மீண்டெழுந்தார்கள். வைக்காத சிலர் தம் தரவுகளை அடியோடு இழந்தார்கள்.

நண்பர்களே, பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும். சமையலின் பொறுப்பு நம்முடையதே. உங்களில் பலர் நாளை இத்தகைய தளங்களை அமைக்கப்போகிறீர்கள். அப்போது இரு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லோரும் ஒரே நாளில் வந்தால் இது தாங்குமா? இந்தக் கட்டடமே இல்லாமற் போனால் தரவு எங்கே இருக்கும்? இவ்விரண்டுக்கும் முன்கூட்டியே விடை கண்டுவிட்டால், எந்த மாணவியும் தன் மதிப்பெண்ணைத் தேடி அழுத கண்களோடு பேருந்தில் வர நேராது.