குதிக்கால் வலி: தசைநாண் என்பில் பதியும் இடத்து அழற்சி

மாணவர்களே, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் விளையாட்டுக் காயங்கள் என்றதும் சுளுக்கு, தசைப்பிடிப்பு, என்பு முறிவு என்று மனனம் செய்துவிடுகிறீர்கள். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் உங்களிற் பலருக்கு வரும் ஒரு வலி இம்மூன்றிலும் அடங்காது. விழவில்லை, அடிபடவில்லை. ஆயினும் குதிக்காலின் பின்புறத்திலோ முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழேயோ, ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கிறது. அவ்விடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நோக்குவோம்.

தசையை என்புடன் இணைப்பது தசைநாண் ஆகும். என்பை என்புடன் இணைப்பது பிணையம் ஆகும். தமிழகத்து நூல்களில் இதனைத் தசைநார் என்றும் காண்பீர்கள். இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்போர் அநேகர். ஆகவே பெயரை மட்டும் எழுதாமல் எதை எதனோடு இணைக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்விரண்டும் கொலாஜன் நார்களாலானவை. வளையக்கூடிய நார், வளையாத என்பினுள் நுழையும் இடத்திலேதான் இழுவை முழுவதும் வந்து குவிகிறது. தொலைபேசிச் சார்ஜரின் வயர் நடுவில் அறுவதில்லை. முனையோடு சேரும் கழுத்தில்தான் அறுகிறது. அதைத் தடுக்கவே அந்தக் கழுத்தில் ஒரு றப்பர் உறை போடப்படுகிறது. நமது உடலிலும் அப்படியோர் ஏற்பாடு உண்டு. தசைநாண் நேரடியாக என்பாக மாறுவதில்லை. முதலில் தசைநாண், அடுத்து நார்க் கசியிழையம், அதன்பின் கல்சியம் படிந்த நார்க் கசியிழையம், இறுதியில் என்பு என நான்கு படைகளாகச் சிறிது சிறிதாகக் கடினமாகிறது. குருதி வழங்கல் இங்கு குறைவு. எனவே ஒருமுறை பழுதுபட்டால் ஆற வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். இவ்விடத்தில் ஏற்படும் அழற்சியே எந்தெசைட்டிஸ் எனப்படுகிறது.

அழற்சியின் அடையாளங்கள் சிவத்தல், சூடு, வீக்கம், வலி, தொழிற்பாடு குன்றல் ஆகிய ஐந்துமாகும். ஆனால் தசைநாண் பதியும் இடத்தில் ஐந்தையும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் வலி மட்டுமே தெரியும். பிள்ளை பொய் சொல்கிறது என்று பெரியவர்கள் நினைப்பதும் இதனால்தான்.

இவ்வலிக்கு இரு வேறு காரணங்கள் உண்டு. இக்கட்டுரையில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது இதனைத்தான்.

ஒன்று, அளவுக்கு மிஞ்சிய இழுவை. வாவியில் வீச்சு வலை வீசுபவர், கொத்துரொட்டி போடுபவர், கைத்தறி நெய்பவர் எவருக்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் இது வரலாம். டெனிஸ் எல்போ என்பது இதன் பெயராயினும் டெனிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் தாராளமாக வருகிறது. சச்சின் டெண்டுல்கருக்கு 2004 ஓகஸ்டில் இது ஏற்பட்டது. 2005 மே மாதம் லண்டனில் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் நாக்பூரில் இலங்கை அணிக்கெதிராகவே மீண்டும் களமிறங்கி 93 ஓட்டங்களைப் பெற்றார். அவருக்கே அவ்வளவு காலம் எடுத்ததென்றால், இரண்டு நாள் ஓய்வில் உங்கள் வலி மாறவில்லையே என்று அவசரப்படலாமா? நாட்பட்ட டெனிஸ் எல்போவில் அழற்சியை விட நார்களின் சிதைவே மேலோங்கி இருக்கும் என்பது இன்றைய கருத்தாகும்.

வளரும் வயதினருக்கு இது இன்னொரு வடிவில் வரும். உங்கள் வயதில் தசைநாணை விட அது பதியும் வளர்ச்சித் தட்டே மெலிந்தது. முழங்காலுக்குக் கீழே வரும் இவ்வலியை 1903இல் பொஸ்டனில் ஒஸ்குட், சூரிச்சில் ஷ்லாற்றர் ஆகிய இரு வைத்தியர்கள் தனித்தனியே விபரித்தனர். குதிக்காலில் வருவதை 1912இல் சீவர் என்பவர் விபரித்தார். வளர்ச்சி முடிந்ததும் இவை பெரும்பாலும் தாமாகவே நின்றுவிடும்.

மற்றையது, உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே அவ்விடத்தைத் தாக்குவது. இதற்கு ஓடவும் தேவையில்லை, பாயவும் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன் எனது காலை வகுப்புக்கு ஒரு மாணவன் தினமும் பிந்தி வந்தான். சோம்பேறி என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். ஒருநாள், "சேர், விடிய எழும்பினா குதிய நிலத்துல வெக்க ஏலா. ஒரு மணித்தியாலம் நடந்தாத்தான் சரியாகும்" என்றான். இரண்டு குதிக்காலும். அவனது வாப்பா எண்ணெய் தேய்த்துப் பார்த்திருந்தார். முறிவு வைத்தியரிடமும் இழுவித்திருந்தார். வைத்தியசாலைக்குப் போனபோதுதான் அது எந்தெசைட்டிஸோடு கூடிய சிறுவர் மூட்டழற்சி என்று தெரிந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளில் இது அதிகம். எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபணுக் காரணியுடன் தொடர்புடையது. கவனியாது விட்டால் பிற்காலத்தில் இடுப்பையும் முதுகையும் இறுக்கிவிடக்கூடியது. நான் கலைப் பட்டதாரி. இவ்விடயத்தைத் தேடிப் படித்ததே அந்தப் பிள்ளைக்குப் பின்புதான்.

அவன் சொன்ன அந்த ஒரு வசனத்தில் நோயின் அடையாளம் முழுவதும் இருக்கிறது. இழுவையால் வரும் வலி ஓடினால் கூடும், ஓய்வில் குறையும். நோயெதிர்ப்பால் வருவது ஓய்வில் கூடும், நடந்தால் குறையும். காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு, நள்ளிரவில் எழுப்பும் முதுகுவலி, கண் சிவந்து நோதல், செதில் செதிலாக உரியும் தோல், குடும்பத்தில் ஒருவருக்கு இதே நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006இன் இறுதியில் மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளிலும் பரவிய சிக்குன்குன்யாவும் மூட்டுகளையும் தசைநாண்களையும் மாதக்கணக்கில் நோகச் செய்யக்கூடியது. எனவே அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் அதனையும் கூறுங்கள்.

பராமரிப்பும் இரண்டுக்கும் வேறு. இழுவையால் வந்ததாயின் முற்றாகப் படுத்துக் கிடக்கத் தேவையில்லை. பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறைத்து, ஐஸைத் துணியிற் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, வலி தணிந்தபின் தசையைப் படிப்படியாகப் பலப்படுத்த வேண்டும். குதிக்காலுக்குப் படியில் நின்று குதியை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சி நல்லது. தேய்ந்த செருப்போடு கடற்கரை மணலில் ஓடுவதை நிறுத்துங்கள். வலிக்கும் இடத்தைப் போட்டு உருவுவது கூடாது. நோயெதிர்ப்பால் வந்ததாயின் மருந்து அவசியம், அசைவும் அவசியம். நமது அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இயன் மருத்துவரிடமும் அனுப்புவார்கள்.

வலி நிவாரணி பற்றி ஓர் எச்சரிக்கை. டைக்குளோபெனாக், இபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கி நாட்கணக்கில் விழுங்கினால் இரைப்பை புண்ணாகும். காய்ச்சல் உள்ளபோது இவற்றைத் தொடவே கூடாது. டெங்காயின் குருதிப்பெருக்கு ஏற்படலாம்.

பயிற்சி வினா: 13 வயது மாணவன் ஒருவனுக்கு இரு குதிக்கால்களிலும் இரண்டு மாதமாக வலி. காலையில் கூடுதலாகவும் மாலை விளையாட்டின்போது குறைவாகவும் உள்ளது. பயிற்றுநர் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார், வலி கூடிவிட்டது. (அ) வலியின் காரணம் யாதாயிருக்கலாம்? (ஆ) ஓய்வெடுத்தும் வலி கூடியது ஏன்? (இ) அடுத்து அவன் செய்ய வேண்டியது யாது? (அ)வுக்கு "சுளுக்கு" என்று எழுதியவர்கள் மூன்றாம் பந்தியிலிருந்து மீண்டும் வாசிக்கவும்.