விசை வான்குடைப் பறப்புப் பாவனையாக்கம்

விசை வான்குடைப் பறப்புப் பாவனையாக்கம் என்பது, பவர்டு பாராசூட் எனப்படும் விசை வான்குடையின் பறப்பையும் தரையிறக்கத்தையும் கணினியில் உருவகப்படுத்துவதாகும். ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பாவனையாக்கிகள் பெரும்பாலும் விறைப்பான உடல் கொண்ட வானூர்திகளுக்காக உருவாக்கப்பட்டவை. விசை வான்குடையிலோ துணி இறக்கையும், அதன்கீழ் கயிறுகளில் தொங்கும் வண்டியும் தனித்தனியே அசைகின்றன. இவ்வேறுபாடு தரையிறங்கும்போது மிகுதியாக வெளிப்படுகிறது.

அமைப்பு

விசை வான்குடையில் சக்கரங்கள் கொண்ட வண்டி, அதன் பின்புறம் பொறியால் சுழலும் விசிறி, மேலே காற்று புகுந்து விறைக்கும் துணி இறக்கை ஆகியவை உள்ளன. இத்தகைய இறக்கையை 1964ஆம் ஆண்டில் டொமினா ஜால்பர்ட் உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டீவ் ஸ்னைடர் முதலானோர் அதனுடன் பொறியை இணைத்துப் பறக்கவிட்டனர். இருவர் அமரும் ஊர்தியின் இறக்கைப் பரப்பு சுமார் 45 சதுர மீட்டர் ஆகும். பறப்பு வேகம் பொதுவாக மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர். ஏறினாலும் இறங்கினாலும் இது பெரிதும் மாறுவதில்லை.

கட்டுப்பாடு

உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொறியின் விசையே பயன்படுகிறது. விசையைக் கூட்டினால் வண்டி இறக்கைக்கு முன்னே ஊசலாடுகிறது. இறக்கையின் தாக்கு கோணம் கூடி ஊர்தி ஏறுகிறது. விசையைக் குறைத்தால் வண்டி பின்னே வந்து ஊர்தி இறங்குகிறது. திரும்புவதற்கு ஒரு பக்க மிதியை அழுத்தி, அப்பக்க இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்க வேண்டும். இயக்குநரின் செயலுக்கும் ஊர்தியின் மறுவினைக்கும் இடையே ஊசலாட்டத்தால் சிறு தாமதம் உண்டு.

கணித மாதிரிகள்

வழமையான மாதிரி, வானூர்தியை ஒரே விறைப்பான பொருளாகக் கொண்டு, மூன்று திசைகளில் அதன் நகர்வையும் மூன்று அச்சுகளில் அதன் சுழற்சியையும் கணக்கிடுகிறது. ஃபிளைட்கியர் என்னும் கட்டற்ற மென்பொருளில் பயன்படும் ஜேஎஸ்பிசிம் இவ்வகையைச் சார்ந்தது. இத்தகைய மாதிரியில் ஏற்றம், இறக்கம், காற்றின் தாக்கம் ஆகியவற்றை ஓரளவு சரியாகக் காட்டலாம். ஆனால் வண்டி தனியே ஊசலாடுவதையும், ஓடுபாதையில் கிடக்கும் இறக்கை காற்று நிரம்பி எழுவதையும் அதைக் கொண்டு மட்டும் காட்ட இயலாது. அதற்கு இறக்கையையும் வண்டியையும் இரு பொருட்களாகக் கொள்ள வேண்டும். இறக்கையினுள் அடைபட்ட காற்றின் நிறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இலேசான துணியுடன் ஒப்பிடுகையில் அது புறக்கணிக்கத்தக்கது அன்று.

2006இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் உடல் எடையை நகர்த்திச் செலுத்தும் டிரைக் வகை ஊர்தி இடம்பெற்றது. அதன் இறக்கை சட்டத்தால் விறைப்பாக்கப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024இல் ஸ்கை ராஸ்கல் என்னும் விசை வான்குடை சேர்க்கப்பட்டது.

தரையிறக்கம்

தரையை நெருங்கியதும் இரு மிதிகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். இறக்கை முதலில் வேகம் குறைய, வண்டி முன்னே ஊசலாடி, சிறிது நேரம் தூக்குவிசை கூடுகிறது. இச்செயல் ஃபிளேர் எனப்படும். இதனை உயரத்திலேயே செய்துவிட்டால் வேகம் இழந்த ஊர்தி வேகமாகக் கீழிறங்கும். தரைக்கு அருகே பொறியின் விசையைச் சட்டென்று நிறுத்துவதும் இடர் மிக்கது.

இதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். 6 மீட்டர் நீளமுள்ள தனி ஊசல் ஒருமுறை ஆடி மீள ஏறக்குறைய 5 நொடிகள் ஆகும். நொடிக்கு 2 மீட்டர் வீதம் இறங்கும் ஊர்தி 4 மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய 2 நொடிகளே ஆகும். எனவே கடைசி நேரத்தில் தோன்றும் ஊசலாட்டம் அடங்குமுன் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிடும். ஊசலாட்டம் இல்லாத மாதிரியில் பழகியவருக்கு, பிழையான நேரத்தில் விசையைக் குறைத்தாலும் தரையிறக்கம் மென்மையாகவே தோன்றும்.

பயன்பாடும் வரம்பும்

விசையால் உயரத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தையும், காற்றின் தாக்கத்தையும் பாவனையாக்கி நன்கு கற்பிக்கிறது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஊர்தி, 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 30 கிலோமீட்டர் வேகத்திலேயே முன்னேறும் என்பதைத் திரையில் கண்டறியலாம். ஆயினும் இருக்கையின் அசைவு, கயிறுகளின் இழுவிசை, மிதியின் எதிர்ப்பு ஆகியவற்றைத் திரை தருவதில்லை. அமெரிக்காவில் விசை வான்குடைக்கான விளையாட்டு விமானி உரிமம் பெற, உண்மையான ஊர்தியில் குறைந்தது 12 மணிநேரப் பறப்பு தேவை. பாவனையாக்கி அப்பயிற்சிக்குத் துணையாகலாம், மாற்றாகாது.