பழைய காருக்குப் புதிய பற்றரி



ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றும் ஓடுவதைக் கண்டு வெளியூரார் வியப்பதுண்டு. நமக்கு அதில் வியப்பில்லை. 1960ஆம் ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, இருந்த காரைப் பேணிக் காப்பதே வழியாயிற்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றோர் பலர். அதற்கு இசைந்து கொடுத்தவை இந்தப் பழைய இயந்திரங்களே. பற்றரியும் அன்று தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. வானொலி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றியவர்கள் நம் நேயர்களிலேயே பலர் இருப்பர்; அவர்களுக்கு நான் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் எந்தப் பற்றரி கிடைத்ததோ அதுவே பொருத்தமான பற்றரி. இன்றோ கடையில் பல நிறத்தில், பல அளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியது நல்லது, விலை கூடியது நல்லது என்று வாங்கி வந்து பொருத்திவிட்டு, இரண்டாம் மாதம் காரைத் தள்ளுகிறவர்களைக் காண்கிறேன். ஆகவே பழைய காருக்குப் பற்றரி தெரிவு செய்யும் முறை குறித்துச் சிறிது பேச எண்ணுகிறேன்.

முதலில் வோல்ற் அளவு. நான் மேலே சொன்ன ஆங்கிலேயக் கார்கள் யாவும் 12 வோல்ற் கார்கள். போருக்கு முற்பட்ட ஒஸ்ரின் செவன் போன்றவற்றில் 6 வோல்ற் பற்றரியே உண்டு. 1967 வரை வந்த வோக்ஸ்வாகன் வண்டுக் கார்களிற் பெரும்பாலானவையும் அவ்வாறே. பழைய பற்றரியின் மேல் மூடிகளை எண்ணுங்கள்; ஓர் அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற். மூன்று மூடியாயின் ஆறு, ஆறு மூடியாயின் பன்னிரண்டு.

இரண்டாவது செய்தியே தலையாயது. இன்றைய கார்களில் பற்றரியின் மறை முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் 'ஏர்த்' என்கிறோம். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை வந்த ஆங்கிலேயக் கார்களிற் பெரும்பாலானவற்றிலோ, உடலோடு இணைந்திருப்பது நேர் முனை. மொறிஸ் மைனரும் ஏ 40 உம் அவ்வகையின. புதிய கார்களிலேயே பழகிய இளம் மெக்கானிக் ஒருவர், பழக்கத்தால் மறை முனையை உடலோடு பூட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? உடனே ஒன்றும் நடவாது என்பதுதான் ஆபத்து! ஸ்ராட்டர் மோட்டார் முனை மாறினாலும் அதே திசையிற்றான் சுழலும். விளக்கு எரியும். இயந்திரமும் கிளம்பிவிடும். ஆனால் தைனமோ தன் பழைய காந்தத்தின்படி எதிர்த்திசையில் மின்னை எழுப்பி நிற்கும். அதனையும் பற்றரியையும் இணைக்கும் கட்அவுட் மூடிய கணத்தில் இரண்டின் அழுத்தமும் ஒன்றோடொன்று கூடி, அளவிறந்த மின்னோட்டம் பாயும். கட்அவுட்டின் தொடுமுனைகள் உருகி ஒட்டும். வயர்த் தொகுதி கருகும். ஐம்பது அறுபது ஆண்டு பழைய, துணி சுற்றிய வயர் தீப்பற்ற எவ்வளவு நேரமாகும்? பற்றரி மாற்றப் போய்க் காரையே இழக்க நேரிடலாம்.

இப்பிழையைத் தடுக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. பற்றரியின் நேர் முனைக்கம்பம் மறை முனைக்கம்பத்தினும் சற்றுப் பருத்தது. ஏறத்தாழப் பத்தொன்பதரை மில்லிமீற்றர் ஒன்று, பதினெட்டு மற்றொன்று. உங்கள் காரின் உடலிணைப்பு வயரின் கவ்வி பெரிய கம்பத்துக்கென அமைந்ததாயின், அது நேர் ஏர்த் கார். கவ்வி இறங்கவில்லை என்று சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள்; முனை மாறிப்போயிற்றோ என்று ஒருமுறை நின்று பாருங்கள். முன்னர் யாரேனும் காரை மறை ஏர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். ஆதலால் பழைய பற்றரியைக் கழற்றுமுன் எந்த முனை உடலோடு இணைந்திருந்தது என்பதைக் கடதாசியில் எழுதிக்கொள்வது நன்று.

முனைகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. யப்பானிய அளவில் வரும் சிறு பற்றரிகள் சிலவற்றில் கம்பங்கள் மெல்லியவை. அவை பழைய ஆங்கிலேயக் கவ்விகளில் ஆடும். இடையே தகரத்துண்டு செருகி இறுக்குவது நம்மவர் கைவைத்தியம். ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும்போது அத்தகரம் சூடேறும். மேலும், அக்காலக் கார்கள் சிலவற்றில் கவ்விக்குப் பதிலாகத் தொப்பிபோற் கவிழ்ந்து, நடுவில் ஒரு திருகாணியால் இறுகும் ஈயமுனை இருக்கும். இன்றைய கம்பங்களில் அத்திருகாணிக்குத் துளை இல்லை. வயரின் நுனியில் சாதாரணக் கவ்வியை மாற்றிக்கொள்வதே செம்மை.

இனி அளவு. 70, 80 அம்பியர்-மணி கொண்ட பெரிய பற்றரியைத் தேடுவோர் உளர். சிறிது கணக்குப் பார்ப்போம். ஸ்ராட்டர் 150 அம்பியர் வீதம் ஐந்து விநாடி இழுத்தால், செலவாவது ஓர் அம்பியர்-மணியின் ஐந்தில் ஒரு பங்கே. ஓடும்போது பத்து அம்பியர் திரும்பிச் சென்றால், ஒன்றரை நிமிடத்துக்குள் அது நிரம்பிவிடும். ஆனால் மைனரின் தைனமோ தரக்கூடியது மொத்தமே 19 அல்லது 22 அம்பியர். இரவில் முகவிளக்குகளுக்கு ஏழு, சிறுவிளக்குகளுக்கு இரண்டு, எரிபற்றுச் சுருளுக்கு மூன்று நான்கு என்று பங்கு போனபின், மிஞ்சுவதே பற்றரிக்கு. கார் நின்ற இடத்தில் மெல்ல இயங்கும்போது தைனமோ ஏதும் தருவதில்லை என்றே கொள்ளலாம். கிணற்றில் ஊறும் நீர் அவ்வளவே. பட்டையைப் பெரிதாக்கித் துலாவில் கட்டினால் ஊற்று பெருகுமா? மைனர், ஏ 40 போன்றவற்றுக்கு 45 முதல் 50 அம்பியர்-மணி வரை போதும். நம் கடைகளில் என்எஸ் 60, என் 50 எனும் பெயர்களில் வருபவை இவ்வளவின. முன்னது 24 சென்ரிமீற்றர் நீளம், பின்னது 26. தட்டத்தை அளந்து செல்லுங்கள். உயரத்தையும் அளவுங்கள், மூடிய பொனெற்றின் தகரம் முனையைத் தொட்டால் விளைவு சொல்ல வேண்டியதில்லை.

சில பற்றரிகளில் குளிர்க்கிளப்பு அம்பியர் என்று பெரிய எண் ஒன்று பொறித்திருக்கும். அது சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் அளக்கப்படுவது. ஐரோப்பாவின் பனிக்காலத்துக்கு அது வேண்டும். சித்திரை வெயிலில் 35 பாகையைத் தொடும் நமக்கு, அவ்வெண்ணுக்காக மேலதிகப் பணம் கொடுப்பது வீண். நம் பற்றரிக்குப் பகை குளிரன்று, வெப்பமே. வெப்பம் ஏறத்தாழப் பத்துப் பாகை உயர, உள்ளே தட்டுகளை அரிக்கும் வேகம் இரட்டிக்கும். ஆகவேதான் குளிர்நாட்டுப் பற்றரியில் 1.28 தன்னீர்ப்புள்ள அமிலத்தையும், வெப்பநாட்டுப் பற்றரியில் 1.24 முதல் 1.26 வரையுள்ள சற்று மென்மையான அமிலத்தையும் ஊற்றுவர்.

மூடி திறவாத, நீர் ஊற்ற வேண்டாத பற்றரி நல்லதல்லவா என்று கேட்பீர்கள். புதிய காருக்கு நல்லதே. பழைய காரில் மின்னழுத்தத்தை அடக்குவது தொடுமுனைகள் கொண்ட ஒரு சிறு பெட்டி. நாட்பட்டால் அது கூடவும் விடும், குறையவும் விடும். கூடிய மின்னேற்றத்தில் நீர் ஆவியாகும். மூடி இல்லாதபோது அதை ஈடுசெய்ய வழியில்லை. எனவே ஆறு மூடியும் திறக்கக்கூடிய பழைய வகையையே நான் விரும்புவேன். நீரமானியை இட்டு ஒவ்வோர் அறையின் நலத்தையும் தனித்தனியே அறியலாம் என்பது இன்னொரு வசதி.

ஆனால் மூடி உள்ளதென்று கிணற்று நீரை ஊற்றிவிடாதீர்கள். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படிவது என்னவென்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கடலோரக் கிணறுகளில் உப்பும் கலந்துள்ளது. அந்தக் குளோரைட்டு ஈயத்தட்டை அரிக்கும். காய்ச்சி வடித்த நீர் ஒன்றே பற்றரிக்கு உரியது. அதுவும் தட்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும். அமிலத்தை மேலும் ஊற்றுவது தவறு. பங்குனி முதல் ஆவணி வரை இரு கிழமைக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

வாங்கும்போது உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். அமிலம் ஊற்றி நிரப்பிய பற்றரி, வெப்பமான களஞ்சியத்தில் மாதக்கணக்கில் இருந்தால் தானே இறங்கும். தட்டுகளில் வெண்படிவு கட்டிய பின் எவ்வளவு மின் ஏற்றினும் முழுமையாக மீளாது. மானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ற் காட்ட வேண்டும், 12.4 இற்கும் குறைந்தால் வேறொன்றைக் கேளுங்கள். உலர்ந்த நிலையில் வந்து, உங்கள் கண்முன்னே அமிலம் ஊற்றப்படும் பற்றரி கிடைத்தால் அதனை விடாதீர்கள். அரைமணி நேரம் ஊறவிட்டுச் சிறிது மின்னேற்றிய பின்னரே பூட்ட வேண்டும். பூட்டியபின் இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டு மீண்டும் அளந்தால், 14 இற்கும் 14.5 இற்கும் இடையில் நிற்பது நலம். பதினைந்தைத் தாண்டினால் குற்றம் பற்றரியில் இல்லை, அடக்குபெட்டியில்.

கழற்றும்போது உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியிற் பூட்ட வேண்டும். நேர் ஏர்த் காரில் அது நேர் முனை என்பதை மறவாதீர்கள். அருகில் பீடி, சுருட்டு வேண்டாம். மின்னேறும் பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வெடிக்கும். பழைய பற்றரியின் அமிலத்தை வளவில் ஊற்றிவிடுவோரும் உளர். சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே நிலத்தடிக்கு இறங்குவது, நாளை நம் கிணற்றிலோ அயலவர் கிணற்றிலோ வந்து நிற்கும். அமிலத்தோடும் ஈயத்தோடும் அதனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஈயத்துக்கு விலையும் தருவர்.

இவ்வளவும் செய்தபின்னும் கைப்பிடிக் கம்பியைக் காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் வேளையில், அது உதவக்கூடும். அதைச் சுழற்றும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால், கம்பியைச் சுற்றி வளைத்த பெருவிரல் முறிந்துவிடும்.