மூச்சு எங்கே போகிறது?

பரீட்சையில் ஒரு பையன் நூற்றுக்கு முப்பது மார்க் வாங்குகிறான். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்பது அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனால் கூட்டலில் தவறினானா, வாய்பாட்டில் தவறினானா, கேள்வியே விளங்கவில்லையா என்பது விடைத்தாளைப் புரட்டினால்தான் தெரியும். பல வருஷங்களாக விடைத்தாள் திருத்திவரும் நமக்கு இது பழகிப்போன உண்மை. இதே உண்மையைச் சமீபத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் மறுபடியும் கற்றுக்கொண்டோம்.

நமது அண்டை வீட்டுக்காரர் ஒரு பழைய பெட்ரோல் அம்பாஸடர் வண்டியை வாடகைக்கு ஓட்டி ஜீவனம் செய்பவர். சில வாரங்களாக அது நின்ற இடத்தில் நடுங்கியது. மேட்டில் ஏறத் திணறியது. ஒரு பட்டறையில் கம்ப்ரெஷன் மானியை வைத்துப் பார்த்து, "மூன்றாவது ஸிலிண்டரில் அழுத்தம் இல்லை, என்ஜினை இறக்கிப் போர் செய்து, பிஸ்டன்களை எல்லாம் மாற்றவேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார்கள். கேட்ட தொகைக்கு மனைவியின் வளையல்களை அடகு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முன் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று சொல்லி, நமக்குத் தெரிந்த ஒரு முதிய மேஸ்திரியிடம் அவரை அழைத்துச் சென்றோம்.

மேஸ்திரி சொன்னார்: "மானி பொய் சொல்லவில்லை, வாத்தியாரையா. காற்று கசிகிறது என்கிறது. எந்த வழியாகக் கசிகிறது என்று அதற்குத் தெரியாது."

அதைத் தெரிந்து சொல்லும் கருவிக்கு 'லீக் டவுன் டெஸ்டர்' என்று பெயர். கசிவுமானி என்று நாம் அழைக்கலாம். இரண்டு அழுத்தமானிகள், அவற்றின் இடையே ஊசித்துளை போன்ற ஒரு சிறு துவாரம், ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். காற்றடிக்கும் யந்திரத்திலிருந்து சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் அழுத்தமுள்ள காற்று முதல் மானிக்கு வருகிறது. துவாரத்தின் வழியே ஸிலிண்டருக்குள் புகுகிறது. ஸிலிண்டர் காற்றைச் சிறிதும் கசியவிடாவிட்டால் இரண்டாவது மானியும் 100 காட்டும். 92 காட்டினால் கசிவு நூற்றுக்கு 8. பிஸ்டன் வளையங்களின் முனைகளுக்கிடையே சிறு இடைவெளி உண்டாகையால், புது என்ஜினிலும் சிறிது கசிவு இருக்கவே செய்யும். பொதுவாக 10 வரை நல்ல நிலை. 20-க்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டும். பிஸ்டன் என்ஜின் விமானங்களையும் 80 ராத்தல் அழுத்தம் வைத்து இம்முறையில் சோதிக்கிறார்கள்.

மேஸ்திரி முதலில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். என்ஜின் சூடான பிறகு அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்தினார். சூட்டில்தான் உறுப்புகள் தத்தம் இடத்தில் சரியாகப் படியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஹாண்டிலால் என்ஜினைச் சுற்றி, பிஸ்டன் அழுத்தல் வீச்சின் உச்சிக்கு வருமாறு நிறுத்தினார். உறிஞ்சல், அழுத்தல், வெடித்தல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சுகளில், அங்கேதான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வண்டியை டாப் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, மறவாமல் ஹாண்டிலையும் எடுத்துவிட்டார். பிஸ்டன் உச்சியிலிருந்து சிறிது விலகியிருந்தாலும், காற்று அதைக் கீழே தள்ள, ஹாண்டில் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடுமாம்.

முதல், இரண்டாம், நான்காம் ஸிலிண்டர்களில் இரண்டாவது மானி 90-ஐ ஒட்டி நின்றது. மூன்றாவதில் 58-க்கு இறங்கிவிட்டது. நண்பரின் முகமும் கூடவே இறங்கியது.

"இனிமேல் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான்" என்றார் மேஸ்திரி. கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வாங்கும் வால்வு பழுது. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் வளையமோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் நீரில் குமிழிகள் எழும்பினால் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது, அல்லது எங்கோ விரிசல். பக்கத்து ஸிலிண்டரின் பிளக் துவாரத்தில் காற்று வந்தால், இரண்டுக்கும் இடையே காஸ்கெட் விட்டிருக்கிறது.

ஒவ்வோர் இடமாகக் காது கொடுத்தோம். கார்புரேட்டர் மௌனம். எண்ணெய் வாயில் மெல்லிய மூச்சு. மற்ற ஸிலிண்டர்களுக்கும் அதே அளவுதான். ரேடியேட்டரில் குமிழி இல்லை. வண்டியின் பின்னால் போய் ஸைலென்ஸர் குழாயருகே குனிந்தோம். பாம்பு சீறுவது போன்ற சத்தம்! வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை.

அப்போதும் மேஸ்திரி ஸ்பானரை எடுத்துவிடவில்லை. டாப்பெட் இடைவெளி குறைந்திருந்தாலும் வால்வு மூடாது என்று அதை அளந்தார். அது சரியாக இருந்தது. அதன் பிறகே ஹெட்டைக் கழற்றினார். அந்த வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கருகிக் குழிந்திருந்தது. புது வால்வு பொருத்தி, அதன் இருக்கையை அரைத்துச் சீர்செய்து, மறுபடி பூட்டிச் சோதித்தபோது மானி 91 காட்டியது. பிஸ்டன்களை ஒருவரும் தொடவில்லை. வளையல்களும் அடகுக் கடைக்குப் போகவில்லை.

சீறல் எண்ணெய் வாயில் கேட்டிருந்தால், முதல் பட்டறைக்காரர் சொன்னதே சரியாகியிருக்கும். பெரிய செலவு சொன்னதை நாம் குறையாகக் கூறவில்லை. விடைத்தாளைப் புரட்டாமலே தீர்ப்பெழுதியதைத்தான் கூறுகிறோம். வீடு திரும்பியதும், மேஜைமேல் கிடந்த கணக்குத் தாள்களில் முப்பது மார்க் வாங்கிய ஒன்றை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கலானோம்.