பிடித்த வரி எங்கே போனது?

தாராபுரத்தில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர், பிராட்பேண்ட் இணைப்பு, ஒரு யு.பி.எஸ். இதுதான் என் அலுவலகம். கோவையில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்திற்கு ஒப்பந்த அடிப்படையில் சாப்ட்வேர் எழுதித் தருகிறேன். 2024-25 நிதியாண்டில் மாதம் 40,000 ரூபாய்க்கு பில் அனுப்பினேன். வங்கியில் ஏறியது 36,000. மீதி 4,000 ரூபாய் டி.டி.எஸ். பணம் தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் முறை இது. ஆண்டுக்கு 48,000 ரூபாய். என் வருமான அளவிற்கு அந்த ஆண்டு வரியே இல்லை என்பதால், இது முழுவதும் எனக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

2025 ஜூன் மூன்றாம் வாரம் வருமான வரித்துறையின் இணைய தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தேன். நம் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் பாஸ்புக் போன்றது அது. முதல் ஒன்பது மாதங்கள் சரியாக இருந்தன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இல்லை. 12,000 ரூபாயைக் காணவில்லை!

நிறுவனத்தின் கணக்காளருக்கு போன் செய்தேன். "கட்டியாச்சுங்க தம்பி, சலான் என் கையிலயே இருக்குது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் (மார்ச் மாதத்திற்கு மட்டும் ஏப்ரல் 30) சலான் மூலம் கட்ட வேண்டும். அந்தச் சலானில் நிறுவனத்தின் டான் எண்ணும் மொத்தத் தொகையும் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. எந்தப் பணம் யாருக்காகக் கட்டப்பட்டது என்ற விவரம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை தரப்படும் அறிக்கையில்தான் போகிறது. ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த ஆண்டு அதன் பெயர் 26கியூ. ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறிக்கைக்குக் கடைசி நாள் மே 31. ஆக, ஜனவரியில் பிடித்த பணம் உங்கள் பெயரில் ஏற ஜூன் மாதம் கூட ஆகலாம். அதுவரை அது அரசிடம் பெயர் இல்லாமல் கிடக்கும்.

பல்லடம் வழியாக பஸ் பிடித்து நேரில் போனேன். அறிக்கை தயாரிக்க ஆர்.பி.யு. என்ற இலவச சாப்ட்வேர் தரப்படுகிறது. அது உருவாக்கும் டெக்ஸ்ட் ஃபைலை எஃப்.வி.யு. என்ற இன்னொரு சாப்ட்வேர் சரிபார்க்கும். தவறு இருந்தால் எர்ரர் காட்டும். அந்த டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எளிமையானது. ஒவ்வொரு விவரத்திற்கும் நடுவில் கூரை போன்ற ^ குறி. 'சி.டி.' என்று இருக்கும் வரி சலானுக்கு, 'டி.டி.' என்று இருப்பது வரி பிடிக்கப்பட்டவருக்கு. என் பெயரைத் தேடினேன். இருந்தது. தொகையும் சரி. பான் எண்ணில் ஒரே ஓர் எழுத்து, 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'என்'. கீ போர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கீகள். ஜனவரியில் புது கம்ப்யூட்டர் வாங்கியபோது பட்டியலை மறுபடி டைப் செய்திருக்கிறார்கள்.

சாப்ட்வேர் ஏன் பிடிக்கவில்லை என்கிறீர்களா? ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து என்ற அமைப்பு சரியா என்று மட்டும்தான் எஃப்.வி.யு. பார்க்கிறது. அந்த எண் யாருடையது என்பது அதற்குத் தெரியாது. அப்படி ஓர் எண்ணே இல்லை என்றால் பிறகு நிறுவனத்திற்கு நோட்டீஸ் வரும். வேறொருவருடைய எண்ணாக அமைந்துவிட்டால் சத்தமில்லாமல் அவர் கணக்கில் ஏறிவிடும்.

இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் 6 முதல் வேறு முறை. சம்பளம் தரும் நாளிலேயே, அல்லது அதற்கு முன், யாருக்கு எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு என்ற விவரம் அரசுக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஆண்டு முடிந்த பிறகுதான் ஆள்வாரி கணக்கு தந்தார்கள். சொந்தமாக ஒரு நபர் கம்பெனி வைத்து ஒப்பந்த வேலை செய்பவரும், தனக்குத் தானே சம்பளம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதை அனுப்ப வேண்டும். தொல்லைதான். ஆனால் அதில் ஒரு சாப்ட்வேர்க்காரனுக்குப் பிடித்த விஷயம் உண்டு. ஒவ்வொரு முறையும் அந்த மாதத் தொகையோடு, ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதுவரை சேர்ந்த மொத்தத் தொகையும் போகிறது. தொகையில் போன மாதம் தவறு செய்தால் இந்த மாத மொத்தத்தில் சரியாகிவிடும். நம் முறையில் தவறான வரிக்குத் தனியாகத் திருத்த அறிக்கை போட வேண்டும்.

நம்மிடம் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020 அக்டோபர் 1 முதல் பெரிய நிறுவனங்களின் ஜி.எஸ்.டி. பில்கள் ஒவ்வொன்றும் அரசின் கம்ப்யூட்டரில் பதிவாகி எண் வாங்குகின்றன. பில்லுக்கு முடிந்தது ஆளுக்கு முடியாதா? மாதம் ஒருமுறை என்றாவது மாற்றலாம் என்பது என் கருத்து. ஒரே கணக்காளர் பத்துக் கம்பெனி பார்க்கும் ஊரில் அவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்பதும் தெரியும்.

அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 26ஏஎஸ் படிவத்தை டெக்ஸ்ட் ஃபைலாக டவுன்லோட் செய்யுங்கள். ஜிப் ஃபைலாக வரும். பாஸ்வேர்ட் உங்கள் பிறந்த தேதி, இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கம். எக்செலில் திறக்கும்போது பிரிக்கும் குறியாக ^ கொடுத்தால் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். உங்கள் பில் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டேட்டஸ் கட்டத்தில் 'எஃப்' என்று இருந்தால் கணக்கு சேர்ந்துவிட்டது. 'யு' என்றால் சலானோடு பொருந்தவில்லை, நிறுவனத்தைக் கேளுங்கள். 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதலான கணக்குகளுக்கு உரியது என்பதால், பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுவதையும் கவனியுங்கள்.

ஒருவேளை நிறுவனம் பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை என்றால்? 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 205-ம் பிரிவின்படி, பிடித்த அளவுக்கு அந்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று 2015 ஜூன் 1-ம் தேதி நேரடி வரிகள் வாரியமும் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பிடித்தார்கள் என்பதை நிரூபிக்க பில், வங்கி வரவு இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ஆனால் ரீஃபண்ட் வாங்க இது போதாது. 26ஏஎஸ்ஸில் இல்லாத தொகையை ரிட்டர்னில் கேட்டால் கம்ப்யூட்டர் வெட்டிவிடும்.

கணக்காளர் திருத்த அறிக்கை போட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் என் மூன்று மாதங்களும் ஏறின. அந்த ஆண்டு ரிட்டர்ன் கடைசி நாளை செப்டம்பருக்குத் தள்ளியிருந்ததால் அவசரமில்லாமல் தாக்கல் செய்தேன். இப்போதெல்லாம் அறிக்கையை அப்லோட் செய்யும் முன் என் வரியை மட்டும் காப்பி செய்து மொபைலுக்கு அனுப்பிவிடுகிறார். "எம்மா என்னான்னு ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று அதோடு ஒரு வரி வரும்.